பென்சில் டிக்

எங்கள் பள்ளியில் பொய் எழுத வேண்டியிருந்தால் பென்சிலைத்தான் எடுப்போம். யாரும் உத்தரவு போட்டு வந்த வழக்கமில்லை. மேலிடத்திலிருந்து பார்வைக் குழு வருகிறது என்று தெரிந்தால், முதல் நாள் சாயங்காலம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஆசிரியர்கள் அவரவர் வகுப்பில் உட்கார்ந்து பதிவேடுகளில் காலியாகக் கிடக்கும் கட்டங்களைப் பென்சிலால் நிரப்புவோம். குழு பார்த்துவிட்டுப் போனதும் ரப்பர் வைத்து அழித்துவிடுவோம். பேனாவால் போட்டால்தான் பொய், பென்சிலால் போட்டால் அது வெறும் ஒப்பனை என்று எங்களுக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தோம். 

நெல்லித்தோப்புப் பக்கம் இருந்த அரசு ஆரம்பப் பள்ளி அது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். மில்லில் வேலை போய் பெயிண்ட் அடிக்கவும் கொத்து வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்களின் பிள்ளைகள், வீட்டு வேலை செய்பவர்களின் பிள்ளைகள், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விடியற்காலையில் மீன் ஏலம் எடுத்து மார்க்கெட்டில் விற்கும் பெண்களின் பிள்ளைகள், இவர்கள்தான் எங்களிடம் வந்தார்கள். காலையில் கொடுக்கும் பாலும் ரொட்டியும் பல பேருக்கு அன்றைய முதல் சாப்பாடு. நாங்கள் ஆறு பேர் அங்கே வேலை பார்த்தோம். ஆறு பேரில் ஒருவர் பிள்ளைகூட அந்தப் பள்ளியில் படிக்கவில்லை. என் கணவர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் ஒரே மகளை டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்திருந்தோம். அவள் ஒரு நாள் கேட்டாள்: “அம்மா, உங்க ஸ்கூல் நல்ல ஸ்கூல்னா என்னை ஏன் அங்க சேக்கல?” ஹோம்வொர்க் நோட்டை எடு என்று அவளை அதட்டினேன்.

மூன்றாம் வகுப்பில் அந்தப் பெண் என்னிடம் வந்து சேர்ந்தாள். அவளுக்கும் என் மகள் வயதுதான். அம்மா மீன் விற்கிறவள். அப்பா மில் மூடியதிலிருந்து கிடைத்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எண்ணெய் வைத்துப் படிய வாரி, இரட்டைச் சடை போட்டு, முதல் பெஞ்சில் ஓரமாக உட்காருவாள். நான் பாடம் நடத்தும்போது என் முகத்திலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். எனக்குத் தொண்டை பெரிது. ஒவ்வொரு எழுத்தையும் வாயை நன்றாகத் திறந்து உச்சரிப்பேன். இவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சொல்லச் சொல்ல வகுப்பே சேர்ந்து கத்தும், இவள் உதடும் சரியாக அசையும். கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாக எழுதுவாள். பின் பெஞ்சில் சத்தம் போடுகிறவர்களிடம், “இவளைப் பாருங்க, கண்ணு சிமிட்டாம கவனிக்கிறா. நீங்களும் இருக்கீங்களே!” என்பேன். அவளால் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் அவள் பதில் சொன்னதே இல்லை. அது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

மறு வருஷம் நானும் அவளும் சேர்ந்தே நான்காம் வகுப்புக்குப் போனோம். அந்த ஜூனில்தான் புதுக் கல்வி முறை வந்தது. சில நாள் பயிற்சிக்கு எங்களை அழைத்துப் போய்ப் பாட்டுப் பாட வைத்தார்கள், கை தட்ட வைத்தார்கள், கடைசி நாள் ஒரு பை நிறைய அட்டைகளைக் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தால் வகுப்பில் பெஞ்சுகள் இல்லை. என் நாற்காலியும் இல்லை. தரையில் பாய்கள். சுவரின் கீழ்ப் பகுதியில் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. மேலே கம்பி கட்டிப் பிள்ளைகள் வரைந்த படங்களைத் தொங்கவிட வேண்டும். சுவரில் கற்றல் ஏணி என்று ஒரு பெரிய தாள். ஏணியின் ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. பிள்ளை தானே தட்டிலிருந்து அட்டையை எடுத்து, அதற்குரிய குழுவில் போய் உட்கார்ந்து, முடித்ததும் அடுத்த படிக்கு ஏற வேண்டும். அந்தத் தாளுக்குத் துணையாக ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் நான் டிக் போட ஓர் அட்டவணை. ஆசிரியர் முன்னால் நின்று கத்திப் பாடம் நடத்தும் வேலையே கிடையாது.

புது முறை மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். என் வகுப்பிலேயே வாய் திறக்காமல் இருந்த நாலைந்து பிள்ளைகள் பாயில் உட்கார்ந்ததும் கலகலவென்று பேச ஆரம்பித்தார்கள். அடிக்குப் பயந்து பள்ளிக்கு மட்டம் போட்டவர்கள் ஒழுங்காக வந்தார்கள். எனக்குத்தான் பிடிக்கவில்லை. இருபது வருஷம் நின்ற இடத்திலிருந்து என்னைப் பிடித்து இறக்கிவிட்டார்களே என்று எரிச்சல். அந்த எரிச்சலோடுதான் தினமும் சைக்கிளை ஸ்டாண்டில் விடுவேன்.

முதல் பெஞ்சுப் பெண்தான் புது முறையில் தொலைந்து போனாள். ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் அவள் யார் வாயைப் பார்ப்பாள்? இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். சிரித்தால் சிரிப்பாள். எழுந்தால் எழுவாள். தப்பான அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பீரியட் முழுக்க உட்கார்ந்திருப்பாள். நான் ஏதாவது கேட்டால் தலையாட்டுவாள். எதற்கும் தலையாட்டுவாள். வகுப்பு ஏணியில் இருபது படி தாண்டிப் போனபோது அவள் ஐந்தாம் படியிலேயே நின்றாள். இப்படி எழுதும்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நன்றாகப் படித்த பெண் அழுத்தக்காரியாக மாறிவிட்டாள் என்பதுதான்.

ஒரு நாள் பின்னாலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டேன். பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. போய் அவள் காதைப் பிடித்துத் திருகினேன். பிள்ளைகளின் காதைத் திருகுவது எங்களுக்கெல்லாம் சர்வ சாதாரணம், அதை அடி என்றுகூடக் கணக்கில் சேர்க்க மாட்டோம். அவள் வீறிட்டுக் கத்தினாள். மற்ற பிள்ளைகள் கத்துவதுபோல இல்லை அது. என் விரலில் ஈரமாக ஏதோ பட்டது. தலையில் வைத்த எண்ணெய் என்று நினைத்து முந்தானையில் துடைத்துக்கொண்டேன். ஒரு வாடையும் அடித்தது. மீன்காரி பெண், மீன் வாடை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் அன்றைக்கு நினைத்ததை அப்படியே எழுதியிருக்கிறேன். குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

பொங்கல் கழிந்து பார்வைக் குழு வருவதாகத் தகவல் வந்தது. தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது, அதுவரை யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும் என்று இருந்தவர். “ஏணி எல்லா பிள்ளைக்கும் ஒரே மாதிரி ஏறி இருக்கணும் டீச்சர். ஒண்ணு மட்டும் கீழ நின்னா அதப் பத்திதான் கேப்பாங்க” என்றார். சாயங்காலம் உட்கார்ந்து பென்சிலைச் சீவினேன். பின்தங்கியவர்களுக்கு நாலு டிக், ஆறு டிக் போட்டால் போதுமாயிருந்தது. அவளுக்குத்தான் ஆறாம் படியிலிருந்து நாற்பதாம் படி வரை வரிசையாகப் போட வேண்டியிருந்தது. கை வலித்தது. பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்து, “என்னா டீச்சர், உங்க பொண்ணு ஒரே நாள்ல பாஸ் பண்ணிட்டா போல!” என்று கேலி செய்தாள். இருவரும் சிரித்தோம்.

வந்த அதிகாரி வகுப்பைச் சுற்றிப் பார்த்தார், பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார், படங்களைப் பாராட்டினார். அட்டவணையைப் புரட்டியவர், “பென்சில்ல ஏன் போடறீங்க டீச்சர்? புள்ளைங்க கை பட்டா அழிஞ்சிடும். இவ்வளவு நல்லா பண்ணிட்டு அத பேனாவுல போட வேணாமா?” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். தலைமை ஆசிரியர் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி என்னிடம் நீட்டினார். அதிகாரி பக்கத்தில் நிற்க, நான் ஒவ்வொரு பென்சில் டிக்கின் மேலும் நீல மையால் இழுத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டார்.

அதற்கு அடுத்த வாரம் என் மகளுக்குக் காது வலி. பள்ளி விட்டு வந்து சோபாவில் சுருண்டு படுத்தாள். அவள் அப்பா அலுவலகத்திலிருந்து வந்த வேகத்தில் சட்டையைக்கூட மாற்றாமல் எங்களை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார். டாக்டர் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, சாதாரணச் சளிதான், மூன்று நாளில் சரியாகிவிடும் என்றார். மருந்து எழுதிக்கொண்டே, “காதுல சீழ் வந்தா மட்டும் விட்டுடக் கூடாதும்மா. எண்ணெய் கிண்ணெய் ஊத்தக் கூடாது. நாத்தமா ஈரம் வந்தா உடனே கூட்டிட்டு வந்துடணும். விட்டா உள்ள எலும்பையே அரிச்சிடும்” என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் வலது கை விரல்கள் கூசின. முந்தானையில் துடைத்த ஈரம் எண்ணெய் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, “அம்மாவ நாளைக்கு வரச் சொல்லு” என்றேன். தலையாட்டினாள். அம்மா வரவில்லை. இன்னொரு நாளும் சொன்னேன். அதற்கும் தலையாட்டினாள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று விட்டுவிட்டேன். மார்க்கெட் என் வீட்டுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. சைக்கிளை நிறுத்தி இறங்கினால் ஐந்து நிமிஷம்.

பிப்ரவரி கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கண்ணும் காதும் சோதிக்க முகாம் நடத்தப் போகிறார்கள். ஏணியில் பாதிப் படி தாண்டாதவர்கள் பெயரை எழுதி அனுப்ப வேண்டும். தேவைப்பட்டால் வைத்தியமும் பார்ப்பார்கள். புதுக் கல்வி முறையில் எனக்கு மனதாரப் பிடித்த ஒரே விஷயம் இதுதான். பட்டியல் எழுத உட்கார்ந்தேன். என் அட்டவணைப்படி அவள் வகுப்பிலேயே முதல் வரிசையில் இருந்தாள். நீல மையில், அதிகாரி கையெழுத்தோடு. தலைமை ஆசிரியரிடம் போய், “சார், இந்தப் பொண்ணுக்குக் காது சரியில்லைன்னு தோணுது. பேரச் சேத்துடட்டுமா?” என்று கேட்டேன். அவர் அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நாப்பது படி முடிச்ச புள்ளைய எப்படிம்மா பின்தங்கினதுன்னு எழுதுவீங்க? அப்ப இந்த டிக் என்னான்னு கேப்பாங்க. உங்களுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் மெமோ வரும்” என்றார். அவர் சொன்னது உண்மைதான். அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வேறு வரவிருந்தது. மாதக்கணக்கில் பள்ளிக்கு வராததால் கட்டம் காலியாகவே கிடந்த மூன்று பேர் பெயரை எழுதினேன். நாலாவது எண்ணை எழுதிவிட்டு, அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வருஷக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையின் ஏணியையும் ஒரு தாளில் நகலெடுத்து, பள்ளி முத்திரை வைத்துப் பெற்றோரிடம் கொடுக்கச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் அவள் அம்மா வந்தாள். வாசலில் வரும்போதே அவள் குரல் எங்கள் வகுப்புக்குக் கேட்டது. ஏலத்தில் பத்துப் பேர் கத்தும் இடத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. பக்கத்தில் நின்று பேசினாலும் எதிர்த் தெருவுக்குக் கேட்கும். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “எல்லாமே டிக்கா டீச்சர்? ஒண்ணுகூட தப்பு இல்லியா?” என்றாள். அவள் முகம் அப்படிப் பூரித்துப் போய் இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொண்டாள்.

“புள்ளைக்குக் காது நல்லா கேக்குதாம்மா?” என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதை மட்டும் எனக்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

“அதெல்லாம் நல்லா கேக்குது டீச்சர். வூட்ல நான் ஒரு சத்தம் குடுத்தா எங்க இருந்தாலும் ஓடியாருவா. எப்பனா வலிக்குதும்பா. பூண்டு போட்டு எண்ணெய காய்ச்சி ஊத்துவேன், சரியாப் பூடும்.”

அவள் குரலுக்குச் செத்தவனும் எழுந்து உட்காருவான். அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராததில் என்ன ஆச்சரியம்? எனக்குத் தெரிந்திருந்தது. எண்ணெய் ஊற்றக் கூடாது என்று டாக்டர் சொன்னது என் நாக்கு நுனி வரை வந்தது. “ஒரு தடவ ஆஸ்பத்திரில காட்டிடுங்க” என்றேன். அவள் தாளைக் காட்டி, “கேக்காத புள்ள இதெல்லாம் எப்படி டீச்சர் முடிக்கும்?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஜூனில் எனக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது. ஊரின் இன்னொரு ஓரத்தில், மேட்டுப்பாளையத்தில் கம்பெனிகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

நாலு வருஷம் கழித்து ஒரு மதியம், சாப்பாட்டு மணி அடித்த நேரத்தில் அந்த அம்மாவும் பெண்ணும் என் அறை வாசலில் நின்றார்கள். இரண்டு பஸ் மாறி, பள்ளி பள்ளியாக விசாரித்து வந்திருக்கிறார்கள். பெண் வளர்ந்திருந்தாள். தாவணி போடும் வயது. காதை மறைத்துத் தலையில் துணி கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் பழைய மாதிரியே கண்ணெடுக்காமல் என் வாயைப் பார்த்தாள்.

அம்மா கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். நெல்லித்தோப்பில் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள். ஆறாம் வகுப்பிலேயே அங்கிருந்த வாத்தியார் இவளுக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றதும் அம்மா இந்தத் தாளைக் காட்டிச் சண்டை போட்டுவிட்டுப் பெண்ணைத் திரும்பக் கூட்டி வந்துவிட்டாள். எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள். போன மாதம் காய்ச்சலும் மயக்கமும் வந்து தூக்கிக்கொண்டு ஓடியபோது, சீழ் எலும்பை அரித்து உள்ளே போயிருந்தது. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஒரு காது அடியோடு போய்விட்டது. இன்னொன்றில் மெஷின் வைத்தாலும் பாதிக்கு மேல் கேட்காதாம்.

“அந்த டாக்டர் என்னத் திட்டறாரு டீச்சர்” என்று அவள் பள்ளி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். “சின்ன வயசுலேருந்தே கேக்காத புள்ளையாம். பெத்தவ நீ என்னா பண்ணிட்டு இருந்தன்னு கேக்கறாரு. என் வூட்டுக்காரரும் அதையேதான் கேக்கறாரு. நான் பாக்காத வுட்டுட்டேனாம். உங்ககிட்ட படிக்கும்போது நல்லாதானே கேட்டா? நீங்க உங்க கையால ஒரு வார்த்த எழுதிக் குடுங்க. அது போதும் எனக்கு.”

மேசையிலேயே பேனா இருந்தது. எழுதிக் கொடுத்திருக்கலாம். ஏற்கனவே முப்பத்தைந்து எழுதியவளுக்கு இன்னும் ஒன்று பெரிதா? பெண் என் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் நான் குனிந்துகொண்டேன். கையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னேன். அந்த டிக்கெல்லாம் நான் போட்டது. அவள் ஐந்து படிதான் ஏறினாள். காதில் சீழ் இருந்தது எனக்குத் தெரியும். முகாமுக்குப் பெயர் அனுப்பாமல் விட்டதும் நான்தான். உங்கள்மேல் தப்பில்லை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். தாளை என் முகத்தில் வீசியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். தாளை எடுத்துக் கைப்பைக்குள் திரும்ப வைத்தாள். பிறகு ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அவளுக்கு அவ்வளவு மெதுவாகப் பேசத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. “என்னாம்மா?” என்று கேட்டேன்.

“காய்ச்சி காய்ச்சி ஊத்தினேனே டீச்சர்” என்றாள் மறுபடியும்.

பெண் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். “என்னாம்மா சொல்றாங்க டீச்சரு?”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குனிந்து, மிச்சமிருந்த காதுக்கு நேராக வாயை வைத்து, ஏலக் குரலில் கத்தினாள்:

“நீ நல்லா படிச்சியாம்! கிளாஸ்லயே நீதான் நல்லா படிச்சியாம்!”

பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நிஜமா என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.